காளியம்மா உட்காரும் கல்

முனியாண்டி சாமியின் தலைமேல் உட்கார்ந்து வெற்றிலை போடும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஈப்போ பூங்காப் பக்கம் நடந்து போகிறவராக இருந்தால் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் என்ன செய்தீர்கள்? கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனீர்களா?

அவள் பெயர் காளியம்மா. பூங்காவில் இலை கூட்டுகிறவள். ஈர்க்கு விளக்குமாற்றைக் கல்லில் சாய்த்துவிட்டு, சாக்குத் துணியில் தைத்த பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். வெற்றிலையை இடது கடைவாயில்தான் அதக்குவாள். வலது பக்கம் இரண்டு பல் இல்லை. எந்த மூலையில் கூட்டத் தொடங்கினாலும் பழைய மண்டபத்தின் கதவைப் பார்த்தபடியே கூட்டிக்கொண்டு வருவாள். அதற்கு முதுகைக் காட்டமாட்டாள்.

அந்த மண்டபம் ஐம்பது வருடத்துக்கு முன் வெள்ளைக்காரர்கள் நடனமாடக் கட்டியது. ஜப்பான்காரன் வந்ததும், சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப்போன ஆட்களின் பெயர்ப் பட்டியல்களை அதற்குள் வைத்தான். யார் போனார், யார் செத்தார் எல்லாம் அதில் உண்டு. காளியம்மாவின் கணவர் சின்னையாவை, நாற்பத்து மூன்றில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, மூன்று மாத வேலை என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். எட்டு மாதம் காத்திருந்தாள். பிறகு பட்டியல் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, ஈப்போவுக்கு நடந்தே வந்து, பூங்கா வேலையில் சேர்ந்து விளக்குமாற்றை வாங்கிக்கொண்டாள்.

கேட்டு வருகிறவர்கள் பெருகப் பெருக, மண்டபத்துக்குப் பாதுகாப்பும் பெருகியது. முதலில் முள்கம்பி வேலி. பிறகு, ஆள் தொட்டால் சத்தம் கேட்கட்டும் என்று கம்பி நெடுகிலும் ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். நாளெல்லாம் குரங்குகள் அவற்றை ஆட்டி வைத்தன. ஓடி ஓடிப் பார்த்துக் காவலன் சலித்துப்போனான். அப்போதுதான் மண்டபத்தில் கணக்கெழுதும் கிராணி பெத்தபெருமாளுக்கு அந்த யோசனை வந்தது. உடைந்த விளக்குக் கம்பத்தின் அடிக்கல் ஒன்றை உருட்டிவரச் சொல்லி வாசலுக்கு எதிரே நட்டார். மஞ்சள் துணி சுற்றினார். குங்குமம் அப்பினார். "காவல் முனி. தாண்டுனா ரத்தம் கக்குவீங்க" என்று அறிவித்துவிட்டார். தமிழனை நிறுத்தத் துப்பாக்கி வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. நம்மை அவர் சரியாகவே எடைபோட்டிருந்தார். என் வயிற்றெரிச்சல் அதுதான்.

ஒருவரும் தாண்டவில்லை. கல்லுக்கு இந்தப் பக்கமே நின்று, சயாம் போனவன் வருவானா என்று கல்லிடம் கேட்டுக் கற்பூரம் கொளுத்தினார்கள். விடை கல்லுக்குப் பத்தடி பின்னால் காகிதத்தில் கிடந்தது.

காளியம்மா மட்டும் கிராணியிடமே போனாள்.

"கிராணி ஐயா, பேர மட்டும் பாத்துச் சொல்லுங்க. சின்னையா, பீடோரு. இருக்காரா இல்லையான்னு ஒரு வார்த்த."

"என்னைய ஏன் கேக்குற? முனிகிட்ட கேளு லா. அவருக்குத் தெரியாததா?"

"எந்த முனி? இது நான் குந்தி வெத்தல போட்ட கல்லு. போன மாசம் வரைக்கும் கொளத்தோரமாக் கெடந்துச்சு."

சொல்லிவிட்டு நேரே போய் அதன்மேல் உட்கார்ந்தாள். கற்பூரத் தட்டோடு நின்ற பெண்கள் அலறினார்கள். மகனைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டு நின்ற இருளாயி, "எறங்குடி பாவி, எம் புள்ளையையும் சேத்துக் கொன்னுறாத" என்றாள். காவலன் துப்பாக்கிக் கட்டையால் வலது தாடையில் அடித்தான். காளியம்மா வாயைத் துடைத்துக் கையைப் பார்த்தாள். "பாத்துக்க இருளாயி அக்கா, ரத்தம் கக்க வச்சது முனியா, இவனா?" என்று கேட்டாள்.

ஜப்பான்காரன் போய் மூன்று மாதமாகிறது. வேலி போகவில்லை. 'பழம்பெருங் கட்டடம், பாதுகாப்புக் கருதி உள்ளே வரக்கூடாது' என்று புதுப் பலகை தொங்குகிறது. பூட்டும் புதிது. கிராணி மட்டும் அதே கிராணி. பட்டியல்கள் உள்ளே பத்திரமாக இருப்பதாக அவரே பெருமையாகச் சொல்கிறார். செங்கல்லுக்கு இத்தனை காவல் போடுகிறார்களே, அந்தப் பட்டியலில் உள்ள மனிதர்களுக்கு ஒரு நாளாவது யாராவது காவல் நின்றார்களா?

இருளாயி இன்னும் கற்பூரம் கொண்டுவருகிறாள். "இன்னும் எதுக்குடி பொட்டும் தாலியும்? கழட்டிட்டுத் தோட்டத்துக்குப் போய்ச் சேரு" என்கிறாள்.

"காயிதத்துல பாத்துட்டுக் கழட்டுறேன் அக்கா. பாக்காம, நானே எப்பிடி அவர சாகடிக்கிறது?"

காளியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் ஒற்றை ஆளுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டேன். போன வாரம் அப்படித் திரும்பி வந்து நின்றபோது அவள் என்னைப் பார்த்தாள். வெற்றிலைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கல்லின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன்.

வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கதவைத் திறந்து பட்டியலை எல்லாருக்கும் கேட்க உரக்கப் படிக்கச் சொல்லப் போகிறோம். எழுத்துத் தெரிந்த நீங்களும் வாருங்கள். கற்பூரம் வேண்டாம். கல்லைத் தாண்டி வாருங்கள்.