தமிழில் கத்தும் மனேஜர்

மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது எதையாவது எறிந்தால் தவரத்தினம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இடது கை மட்டும் தானாக உயரும். பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவர் வேலை செய்யும் கடையின் முதலாளி மகாலிங்கம், கல்லாவில் இருந்தபடியே தேசிக்காய், திறப்புக்கோர்வை, ஒருமுறை மிளகாய்த்தூள் பை என்று எறிந்து பார்த்திருக்கிறார். எதுவும் கீழே விழுந்ததில்லை. அந்த நேரத்திலும் வலது கைக் கத்தி பாரை மீனில் ஓடிக்கொண்டே இருக்கும். மீன் வாங்க வந்தவர்கள்தான் ஓரடி பின்னால் போவார்கள்.

இந்தக் கைதான் அவரைப் பேஸ்பாலுக்குள் இழுத்துவிட்டது. 2010 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிக்கெட் பார்க்கப் புறப்பட்டவர் பஸ் மாறி ஏறி, புறநகரில் வேறொரு மைதானத்தில் இறங்கிவிட்டார். வேலிக்கு வெளியே நின்று, கையில் மீன் ரோலுடன், இதென்ன விளையாட்டு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பந்தொன்று பறந்து வந்தது. ரோலைத் தின்றபடியே வெறுங்கையால் பிடித்தார். அந்த அணியின் மனேஜர் பெர்னார் ஓடி வந்து முதலில் அவருடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் பெயரைக் கேட்டார்.

முதல் போட்டியில் பந்தை அடித்துவிட்டு, கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையோடு நேரே பந்து எறிபவரை நோக்கி ஓடினார். எறிபவர் பயந்து ஒதுங்கினார். இரண்டாம் போட்டியில் பந்தை நளினமாகப் பின்பக்கம் தட்டிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். அது கணக்கில் வராது என்று நடுவர் மூன்று தடவை விளக்கினார். "கிரிக்கெட்டில அது நாலு ஓட்டம், தெரியுமோ?" என்று இன்றைக்கும் அந்த நடுவர் மீது அவருக்கு மனத்தாங்கல்.

எட்டுப் பருவங்கள் விளையாடினார். அணி இருந்தது பிராந்தியத்தின் கடைசிப் பிரிவில். அதற்குக் கீழே பிரிவு இல்லாததால் எவ்வளவு தோற்றாலும் இறக்க முடியாது. இந்த எட்டுப் பருவத்திலும் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தது ஒரே ஒரு முறை. அது பெர்னாரின் காரின் முன்கண்ணாடியில் விழுந்தது. பெர்னார் முதலில் எழுந்து நின்று கைதட்டினார். காரை அதன் பிறகே பார்த்தார்.

2018இல் பெர்னார் ஓய்வு பெற்றுக் கடலோரம் போய்விட, பொறுப்பெடுக்க ஒருவரும் முன்வரவில்லை. தவரத்தினம் கையை உயர்த்தியது தண்ணீர்ப் போத்தல் கேட்பதற்காக என்று அணிக்குள் ஒரு கதை உண்டு. எப்படியோ அவர் மனேஜர் ஆனார். அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி அதுவரை யார் கேட்டாலும், "இவர் கிரிக்கெட்டுக்குப் போயிட்டார்" என்று சொல்லி வந்தவர். விளங்கப்படுத்துகிற வேலை மிச்சம். இப்போது, "இவர் மனேஜராகிட்டார்" என்றார். அடுத்த வாரமே புறநகர் ஓல்னேயிலிருந்து ஒரு சொந்தக்காரர் கேக்குடன் வந்து, தன் மருமகனுக்கு ஒரு வேலை போட்டுத் தர முடியுமா என்று விசாரித்தார். தவரத்தினம் மருமகனின் வயதையும் ஓட்டத்தையும் கேட்டார்.

அவருடைய பிரெஞ்சு மீன் விற்கப் போதும், மைதானத்துக்குக் காணாது. அவசரத்தில் தமிழ்தான் வரும். அணியினர் அதையே படித்துக்கொண்டார்கள். எதிரணிக்கு விளங்காதது பெரிய வசதி. மற்ற மனேஜர்கள் மூக்கையும் காதையும் தொட்டு இரகசியச் சைகை காட்ட, இவர் பகிரங்கமாக "ஓடு", "நில்லு", "மெல்லத் தட்டு" என்று கத்துவார். பந்து எறிபடும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு, அதாவது ஓடிப்போய் நிற்கும் அடுத்த இடத்துக்கு, திருட்டுத்தனமாக ஓடுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை நேரே தமிழாக்கியிருந்தார்: "களவெடு!" அணியின் மிக வேகமான ஆளான ழான்-லூக், அச்சகத் தொழிலாளி, அந்தச் சொல்லுக்கு மட்டும் தூக்கத்திலும் ஓடுவான்.

2023இல் நிலைமை இறுகியது. மைதானத்தைத் தரும் நகரசபை, வரும் செப்டம்பரில் ஒன்பது பேர் பதியாத அணிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று கடிதம் அனுப்பியது. இருந்ததே ஒன்பது பேர். அதில் ஒருவர் லியோன் நகருக்கு மாறிப் போகிறார். தவரத்தினம் அந்த வாரம் மீன் வாங்க வந்த என்னிடமும் வயதைக் கேட்டார். விளையாட மாட்டேன், வேண்டுமானால் வந்து பார்க்கிறேன் என்றேன். அப்படித்தான் பருவத்தின் கடைசிப் போட்டிக்குப் போனேன்.

முதலிலிருந்தே ஏதோ பிழைத்தது. இவர் "மெல்லத் தட்டு" என்றால் எதிரணி முன்னால் வந்து நின்றது. "களவெடு" என்றால் ழான்-லூக் போய்ச் சேருமுன் பந்து அங்கே காத்திருந்தது. மூன்று தடவை பிடிபட்டான். நாலாவது தடவை தவரத்தினம் பொறுமையிழந்து, "களவெடடா, கண்ணை மூடிக்கொண்டு களவெடு" என்று கத்தியபோது, இரண்டாம் பேஸ் அருகே நின்ற எதிரணிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தவரத்தினம் கோட்டோரம் வரை நடந்து போனார்.

"பிள்ளை, நீர் தமிழோ?"

"ஓம் அங்கிள். லெ பிளாங்-மெனில்ல இருக்கிறம்."

"எப்ப இருந்து விளங்கினது?"

"முதல்ல இருந்தே," என்றாள். பெயர் லக்சிகா, மருந்தாளர் படிப்பு மாணவி.

உடனே அவர் பிரெஞ்சுக்கு மாறினார். சொந்த அணி திகைத்து நின்றது. அவர் சொன்னது ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லோரையும் கூட்டி, இனி "ஓடு" என்றால் நில், "நில்லு" என்றால் ஓடு என்று ஏற்பாடு செய்தார். பாதிப் பேர் ஞாபகம் வைத்திருந்தார்கள், பாதிப் பேர் மறந்தார்கள். ஒரே பேஸில் இரண்டு பேர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன்.

கடைசிச் சுற்றில் ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கிவிட, மாற்றாள் இல்லாமல் நாற்பத்தேழு வயது மனேஜரே மட்டையை எடுத்தார். ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தார்கள். தாழ்வாக வந்த பந்தை ஓங்கி அடித்தார். நல்ல அடி. லக்சிகா பக்கவாட்டில் பாய்ந்து, புழுதியில் ஒருமுறை உருண்டு, கையுறையை உயர்த்தினாள். பந்து அதற்குள் இருந்தது.

ஆட்டம் முடிந்தது. அவருடைய ஆட்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். இவர் முகத்தில் தோற்றவனின் கவலை எதுவும் இல்லை. நல்ல அறக்குளா மீன் வந்து இறங்கிய காலையில் அவர் முகம் அப்படி இருப்பதைக் கண்டிருக்கிறேன். தன்னுடைய பையைக் கிளறி ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நேரே லக்சிகாவிடம் போனார். அடுத்த பருவத்துக்கான பதிவுப் படிவம்.

"அங்கிள், எனக்கு டீம் இருக்குதே," என்றாள் அவள்.

"தெரியும். அவையள் பதினாலு பேர். நாங்கள் எட்டுப் பேர். உமக்கு என்ரை பாஷையும் விளங்குது."

அவள் தன் அணியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு படிவத்தைப் பார்த்து, வைத்து எழுத இடமில்லையே என்றாள்.

தவரத்தினம் உடனே திரும்பி நின்று, முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்து, முதுகைக் கொடுத்தார். அவளுடைய பெயர் பிரெஞ்சில் எழுத நீளமானது. பேனா கடைசி எழுத்தைத் தாண்டும் வரை அவர் மூச்சே விடவில்லை.