பெருமாள்ராஜ் கெடுத்த காரியம்

பெருமாள்ராஜை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பத்தமடைக்காரன். புற்றுநோய் வார்டில் ஆண் நர்ஸ். புத்த மதத்துக்கு மாறியவன்; சட்டைப்பையில் சின்னதாக ஒரு புத்தர் படம் வைத்திருப்பான். அதைப் பார்த்து ஏமாந்துதான் வாப்பாவை அவன் பொறுப்பில் விட்டோம். சிரிக்கத் தெரியாத மூஞ்சி. வாப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது மட்டும் கை பதமாக இறங்கும், அதை மறுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த நோயை நோயாளியிடம் சொல்லும் வழக்கமே கிடையாது. "வயித்துப்புண்ணுதான் வாப்பா, பெருநாளைக்குள்ள எந்திரிச்சிருவிய" என்று வீடே ஒரே வாயாகச் சொன்னது. டாக்டரும் தலையாட்டினார்.

ஒரு மத்தியானம் வாப்பா அவனைக் கேட்டார். "ஏலே, நீயாவது சொல்லு. நான் பொழைப்பேனா?"

வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அந்தப் பாவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"தெரிஞ்சா என்ன செய்விய, அண்ணாச்சி?"

"என் தம்பி ரசீத அடிச்சு வீட்ட விட்டு வெரட்டினேன். அவங்கிட்ட பொருத்தம் கேக்கணும். மன்னிப்பு வாங்காம மவுத்தாகக் கூடாதுல்லா?"

"அப்போ இப்பவே கூப்பிடுங்க. நாள் ரொம்ப இல்ல."

அவனை வராந்தாவுக்கு இழுத்துப்போய்ச் சட்டையைப் பிடித்தேன். "ஒன் புத்தரு இதத்தாம்லே சொல்லிக்குடுத்தாரு? இரக்கம்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"துக்கம் இருக்குன்னு ஒத்துக்கிடுததுலதான் அவரு தொடங்குதாரு. நீரு இரக்கப்படுதது உமக்குத்தான் வே, அண்ணாச்சிக்கில்ல. எங்கம்மைக்கும் நாங்க இப்படித்தான் மறைச்சோம். பொய்னு அவளாவே கண்டுபிடிச்சு, ஒருத்தரையும் நம்பாமலே செத்தா. கைய எடும்."

ரசீத் சாச்சா வந்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் வாப்பா வருகிறவர், போகிறவர் எல்லாரிடமும் பொருத்தம் கேட்டார். உம்மாவிடம் கேட்டார், வார்டு கூட்டுகிற சாரம்மாளிடம் கேட்டார். பெருமாள்ராஜிடமும் கேட்டார். மன்னித்தேன் என்பதற்கு நாங்கள் சொல்கிற வார்த்தையையே ரொம்பத் தெரிந்தவன் மாதிரி, "பொருந்திக்கிட்டேன் அண்ணாச்சி" என்றான் அவன்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார். என்னிடமும் கேட்கப்போகிறார் என்று குனிந்தேன்.

"நீ பொய் சொன்னதப் பொருந்திக்கிட்டேம்லே" என்றார்.

நான் கேட்கவே இல்லையே! அவராகத் தந்துவிட்டுப் போய்விட்டார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பெருமாள்ராஜ் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் வாப்பா என்னை நம்பியபடியே போயிருப்பார்.