காலில் விழும் காட்சி

குஷாய்குடாவில் எங்கள் தொழிற்சாலைத் தமிழ் மன்றத்தின் நாடகங்களை நான்தான் இயக்கினேன். இருபத்தெட்டு வயதிலிருந்தே தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு அப்பா வேடமும் போட்டேன். வேலையில் நான் ஒரு ஃபிட்டர். கதாநாயகன் வேடம் மட்டும் எப்போதும் ஓர் அதிகாரிக்குத்தான். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கேன்டீன் ஹால் கிடைக்கும்.

அந்த வருஷம் கதாநாயகன் எங்கள் பிரிவு மேனேஜர். கடைசிக் காட்சியில் மகன் அப்பாவின் காலில் விழ வேண்டும். ஒத்திகையின்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தக் காட்சிய எடுத்துடுங்க. எனக்குக் கீழ வேலை செய்யறவங்க எல்லாம் பாத்துட்டிருப்பாங்க."

"விழறது நீங்க இல்ல சார், மகன்" என்றேன். காட்சியை எடுக்கவில்லை.

நாடகத்தன்று அவர் என் முன்னால் வந்து விறைப்பாக நின்றார். அடுத்த வசனம் என்னுடையது: 'எழுந்திருப்பா.' நிற்கிறவனிடம் அதை எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறக்கவில்லை. படுதாவுக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுப்பவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், பதறிப்போனார். பதறினால் அவருக்கு 'ஏன்' என்பதுகூட ஊர் உருதுவில் 'கைக்கு' என்றுதான் வரும்.

"கைக்கு சார் சும்மா நிக்கிறீங்க? சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. மேனேஜர் லேசாகக் குனிந்தார். அது போதாது என்று காத்திருந்தேன். விழுந்தார். அப்புறம்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை என் லீவு விண்ணப்பம் அவர் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. வரட்டும். அடுத்த வருஷமும் கதாநாயகன் வேடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த நாடகத்தை நானே எழுதினேன். அதில் மகன் இரண்டு தடவை காலில் விழுகிறான்.