அஞ்சு வோல்ட்டும் மூணு வோல்ட்டும்

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருந்தது. நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடையில், அப்பா தீவனம் வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், வெயில் தாங்காமல் ஒரு வரிசைக் கோழிகள் கூண்டிலேயே செத்துப்போயின. கூரைக்குக் கீழே பனிபோலத் தண்ணீர் தூவும் குழாய்கள் இருந்தன. மோட்டாரைப் போடத்தான் ஆள் இல்லை.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா, சூடு ஏறினால் மோட்டார் தானாகவே ஓடும்படி செய்கிறேன் என்றாள். அப்பா தடுக்கவில்லை, நம்பவும் இல்லை. சூட்டை அளக்க ஒரு சென்சார், மோட்டாருக்குக் கட்டளையிட ஒரு சின்ன போர்டு. இரண்டையும் இணைத்ததுமே போர்டிலிருந்து கருகிய வாசம் வந்தது.

"கோழிதான் போச்சுன்னா, இதுவுமா?" என்றார் அப்பா.

அக்கா சரியாகச் சாப்பிடாமல் அந்தக் கருகிய போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்பதுபோல என்னிடம் சொன்னாள்: "சென்சார் அஞ்சு வோல்ட்டுல பேசுது சாமி. போர்டு மூணு சொச்சந்தான் தாங்கும். நாந்தான் பாக்காம உட்டுட்டேன்."

சேலத்திலிருந்து புதுப் போர்டு வந்தது. இந்த முறை சென்சாருக்கும் போர்டுக்கும் நடுவில் நெல்மணி அளவிலான இரண்டு ரெசிஸ்டர்களைப் பற்றவைத்தாள். ஐந்து வோல்ட் அவற்றைத் தாண்டும்போது மூன்று சொச்சமாகிவிடுமாம்.

மறுநாள் உச்சிவெயிலில் கோழிகள் அலகைத் திறந்து இரைத்தன. அப்பாவின் கை சுவிட்சுக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

"தொட்றாதீங்கப்பா. கொஞ்சம் பொறுங்க."

போர்டில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. வெளியே மோட்டார் உறுமியது. கொட்டகை முழுக்க வெண்புகையாகத் தண்ணீர் இறங்க, அத்தனை கோழிகளும் மெல்ல மெல்ல இரைப்பதை நிறுத்தின. யாரும் எதையும் தொடவில்லை. கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும்போது வருமே, அப்படியொரு சிலிர்ப்பு எனக்கு வந்தது.

அப்பா சட்டை நனைய அங்கேயே நின்றார். பிறகு அக்காவிடம், "இதுக்கு மேலயும் படிக்க இருக்குதா சாமி?" என்று கேட்டார்.

"இருக்குதுங்கப்பா. நெறையா."

சாயங்காலம் அப்பா யாருக்கோ போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண்பார்க்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா சமையலறைக்குள் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வருகிறவர்களுக்காகக் கிண்டுவதாக இருந்த கேசரி இனிக் கிடைக்காதே என்று மட்டும் வருத்தமாக இருந்தது.