ரெட் விழவில்லை

நாளொன்றுக்கு எண்ணூறு முறை ஆம் அல்லது இல்லை என்று சொல்வதுதான் எழிலரசியின் வேலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லாரி பிரேக்குக்கான இரும்புப் பின் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் பதினேழு வருடமாக இன்ஸ்பெக்டர். கையில் அளவு பார்க்கும் ஒரு கேஜ். ஒவ்வொரு பின்னும் அதன் ஒரு முனையில் நுழைய வேண்டும், மறுமுனையில் நுழையக் கூடாது. ஏறக்குறைய நுழைகிறது என்று ஒரு நிலை அந்த வேலையில் கிடையாது. அப்படி ஒரு நிலை உண்டு என்று சூப்பர்வைசர் மாதக் கடைசியில் மட்டும் நம்புவார். எழிலரசி அந்தப் பின்னைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்.

வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருடம், தேறாது என்று அவர் தள்ளிய ஒரு லாட் பின்னை அனுப்பியே ஆக வேண்டும் என்று மேலிருந்து வந்தது. ரெஜிஸ்டரில் 'ரிஜெக்ட்' என்று எழுதியிருந்த இடத்தில் ஒயிட்னர் பூசச் சொன்னார்கள். தப்பாக எழுதிவிட்டால்கூட ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பழகியவர் எழிலரசி. பூச மாட்டேன் என்றார். எட்டு மாதம் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டினார். லாட் வாங்கியவர்களிடமிருந்தே திரும்பி வந்த பிறகு பழைய நாற்காலிக்கே கூப்பிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. புது கேஜ் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள்.

அவருடைய இன்னொரு வாழ்க்கை கேரம். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வெல்டர். குவார்ட்டர்ஸ் கிளப்பில் நான்கு போர்டு இருந்தன. ஆண்கள் டீ குடிக்கப் போகிற இருபது நிமிடம்தான் எழிலரசியின் பயிற்சி நேரம். அதிலேயே கற்று மாவட்டப் பட்டம் வாங்கினார். மாநில அரையிறுதியில், தன் ஸ்ட்ரைக்கர் கீழ்க்கோட்டைத் தொடாமல் நின்றதை நடுவர் கவனிக்கவில்லை. எழிலரசியே பவுல் என்று சொன்னார். தோற்றார். இதை யாரும் தியாகம் என்று பேசவில்லை. பவுல் ஆடியவருக்குத்தான் அது முதலில் தெரியும், அவர்தான் முதலில் சொல்ல வேண்டும். சொல்லாதவரோடு மறுநாள் போர்டில் யாரும் உட்கார மாட்டார்கள். கேரம் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

ஸ்ரீநாத்துக்குக் கேரம் தெரியாது. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, வானகரத்தில் தன் பிளாட்டிலிருந்து 'பேட்டை போர்டு' என்ற ஆன்லைன் கேரம் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார். உண்மையில் செய்துகொண்டிருந்தவர் அபிஷேக் என்ற புரோகிராமர்; ஸ்ரீநாத் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "நம்ம மண்ணோட விளையாட்டு" என்று வீடியோவில் சொல்லும்போது, ஸ்ட்ரைக்கரைச் சூடான அப்பளத்தைப் போல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருப்பார்.

லாஞ்சுக்கு முன்னால் ஆடிப்பார்க்க நிஜ ஆட்டக்காரர்கள் வேண்டும் என்று அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் கிளப்புக்கு வந்தார். எழிலரசி தன் பேச்சின் பேரில் எட்டுப் பேரைச் சேர்த்துக் கொடுத்தார். ஸ்ரீநாத் எட்டுப் பேருக்கும் ஒரே அளவில் டி-ஷர்ட் கொடுத்தார். பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் அழகேசனுக்கு அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

அழகேசன் எழிலரசியின் இருபது வருட எதிராளி. மூன்றாவது வாரம் இருவரும் அவரவர் வீட்டிலிருந்தபடி போனில் ஆடினார்கள். எழிலரசி ரெட்டைப் போட்டு, அடுத்த அடியில் அதற்கு ஃபாலோவாகத் தன் வெள்ளைக் காயையும் போட்டு போர்டை முடித்தார். ஞாயிறு கிளப்புக்குப் போனால், அழகேசன் போர்டில் தூவும் பவுடர் டப்பாவை அவருக்குத் தராமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னாண்ணே, பேச மாட்டியா?"

"இன்னாத்த பேசறது? ரெட்டு குழி வாயில நின்னுகினு கீது. நீ பாட்டுக்கு ஃபாலோ போட்டுகினு போற. இருபது வருசத்துல போர்டுல ஒரு தபா திருடல. போன்ல கத்துக்கினியா?"

"என் போன்ல விழுந்துச்சுண்ணே."

"என் போன்ல நிக்குது. அப்ப என் போனு குருடா?"

இரண்டு வாரம் அவர் எழிலரசியோடு உட்காரவில்லை. மூன்றாவது வாரம் எழிலரசி ஒரு நாற்பது பக்க நோட்டோடு பாடிக்கே போனார். லேத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இரண்டு போனையும் ஒட்டிவைத்து ஆடினார்கள். அடுத்து வந்த ஞாயிறுகளிலும் அதே வேலை. மொத்தம் ஐநூறு அடி. பதினேழு அடியில் ஒரு போனில் காய் விழுந்தது, மற்றதில் நின்றது. ஒவ்வொன்றுக்கும் நேரம், போன், எந்தக் காய் என்று நோட்டில் ஏறியது. இன்னொன்றும் தெரிந்தது. பதினேழு தடவையும் விளையாட்டு எழிலரசியின் போன் சொன்னதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டிலிருந்து புது போன் ஒன்றைக் கடன் வாங்கி, அழகேசன் கையில் கொடுத்து ஆடிப்பார்த்தார். அப்போது அந்தப் போன் சொன்னது எடுபட்டது. வேகமான போன் வைத்திருப்பவர் சொல்வதே உண்மை. அழகேசன் அதைக் கேட்டுவிட்டு, "ஊருக்குள்ள கீற சட்டத்தையே போட்டுகீறானுங்க" என்றார். பவுடர் டப்பா திரும்பி வந்தது.

எழிலரசி நோட்டை எடுத்துக்கொண்டு வானகரம் போனார். அபிஷேக் நாலு பக்கம் புரட்டிவிட்டு மெதுவாக, "தெரியும்க்கா" என்றார். பொங்கலிலிருந்தே தெரியுமாம். இரண்டு போனும் தனித்தனியாகக் கணக்குப் போடுகின்றன, முதலில் வந்த பதிலைச் சர்வர் வாங்கிக்கொள்கிறது. சர்வரே கணக்குப் போடும்படி மாற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார். ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கேட்டதற்குத் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். மூன்று கம்பெனி மாறிய அனுபவத்தில் அவர் கற்றது அந்தப் பார்வையைத்தான்.

ஸ்ரீநாத் நோட்டைத் திறக்கவே இல்லை. "அக்கா, ஐநூறுல பதினேழுதானே? எல்லா கேமும் இப்படித்தான் வரும். லாஞ்ச் பண்ணிட்டு அப்டேட்ல பாத்துக்கலாம்."

"எங்க கம்பெனில ஐநூறுல பதினேழு பின் கோணலாப் போச்சுன்னா, பிரேக் புடிக்காத லாரிங்க ரோட்டுல ஓடும் தம்பி."

"இது லாரி இல்லக்கா, கேம். யாரும் சாகப் போறதில்ல."

"அழகேசண்ணன் என்னைத் திருடின்னு சொல்லி ரெண்டு வாரம் பேசல."

ஸ்ரீநாத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா அபி? அந்த அளவுக்கு எமோஷனா ஆடறாங்க!"

எழிலரசி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சரி, தள்ளிப்போட முடியாதுன்னா ஒரு பட்டனாவது வைங்க. காய் விழலன்னு ஆடறவங்களே ஒத்துக்கற மாதிரி."

"ஜெயிச்சதை வேணாம்னு சொல்ல ஒரு பட்டனா? யாருக்கா அதை அமுக்குவா?"

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அப்படி ஒரு ஆளை அவர் சந்தித்ததில்லை, எதிரில் உட்கார்ந்திருந்தவர் உட்பட.

லாஞ்சைத் தள்ளிவைக்க முடியாததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட விளையாட்டைப் பற்றியதல்ல. அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஹால் பிடித்தாயிற்று. யூடியூபில் பேசுகிற ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் குறித்தவர் ஸ்ரீநாத்தின் அம்மா சுலோசனா. ஆனி மாதக் கடைசி ஞாயிறு, பிற்பகல் மூன்றே காலிலிருந்து நாலே கால் வரை நல்ல நேரம். அதை விட்டால் ஆடி வந்துவிடும். ஆடியில் யாராவது புதுசு தொடங்குவார்களா? பொய் சொல்லும் சர்வரை நம்பிக் கடை திறக்கலாம், ஆடியை நம்பித் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டின் பொறியியல்.

கிளம்பும்போதுதான் எழிலரசி மேசை மேலிருந்த போஸ்டரைப் பார்த்தார். அவருடைய பழைய படம்; கீழே, 'மாவட்ட சாம்பியன் எழிலரசி சோதித்துப் பரிந்துரைக்கும் பேட்டை போர்டு.' அவரை யாரும் கேட்கவில்லை. அவர் தள்ளிய லாட்டின் மேல் அவர் கையெழுத்தையே போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை ஒட்டியாயிற்று என்று ஸ்ரீநாத் பெருமையாகச் சொன்னார்.

"முதல் ஆட்டம் நானே ஆடறேன். அழகேசண்ணனோட," என்றார் எழிலரசி. "ஆனா ரெண்டு போனையும் ரெண்டு பெரிய திரைல பக்கத்துல பக்கத்துல காட்டணும். மாறி விழுந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுரும். இப்பவே சொல்லிட்டேன்."

ஸ்ரீநாத்தின் காதில் விழுந்தது 'ரெண்டு பெரிய திரை' மட்டும். "செமக்கா!" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் ஸ்ரீநாத்தின் அப்பார்ட்மெண்ட்காரர்கள்; சமோசா உண்டு என்று குரூப்பில் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் சுலோசனா, தினசரி காலண்டர் தாளை மடித்துக் கையில் வைத்திருந்தார். கடைசி வரிசையில் கிளப் ஆட்கள். ஸ்ரீநாத் மூன்றே காலுக்குத் தொடங்கிய பேச்சை மூன்று ஐம்பதுக்கு முடித்தார். ஆட்டம் முடிந்ததும் வெளியீட்டுப் பட்டனை மேடையிலேயே அமுக்குவதாக ஏற்பாடு. மரியாதைக்காக எழிலரசியிடம் தன் புது போனைக் கொடுத்தார். அழகேசனிடம் அவருடைய போனே இருந்தது, உடைந்த பின்மூடிக்கு ரப்பர் பேண்டு போட்டு.

ஆட்டம் நன்றாகவே போனது. "இன்னா எழிலு, புது போன்ல கை நடுங்குதா?" என்று அழகேசன் மைக் கிட்ட இருப்பது தெரியாமல் சொல்ல, ஹால் சிரித்தது. "உன் ரப்பர் பேண்டைப் பாத்துக்கோண்ணே" என்றார் எழிலரசி. கடைசியில் அவருக்கு மீதி ஒரு வெள்ளையும் ரெட்டும். ரெட்டை அடித்தார்.

இடது திரையில் ரெட் குழிக்குள் போனது. மேளம் அடித்து, பட்டாசு வெடித்து, 'தூள்!' என்று எழுத்து வந்தது. வலது திரையில் ரெட் குழியின் விளிம்பில் நின்றது. அப்பார்ட்மெண்ட்காரர்கள் கை தட்டினார்கள். எது நடந்திருந்தாலும் தட்டியிருப்பார்கள். கடைசி வரிசையில் ஒரு கை அசையவில்லை.

அழகேசன் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "எழிலு, ரெட்டு எங்க கீது?"

"விழலண்ணே."

ஃபாலோ அடிக்கச் சொல்லி விளையாட்டு பதினைந்து விநாடியை எண்ணத் தொடங்கியது. எதிராளிக்கு அனுப்ப அழும் முகம், சிரிக்கும் முகம், கிரீடம், பிய்ந்த செருப்பு எல்லாம் திரையில் இருந்தன. விழவில்லை என்று சொல்ல மட்டும் ஒன்றும் இல்லை.

"அடிங்கக்கா! ஃபாலோ போடுங்க!" என்று ஸ்ரீநாத் ஓரத்திலிருந்து கை ஆட்டினார்.

"விழல தம்பி."

"கேம் விழுந்துச்சுன்னு சொல்லுதே!"

"ஒரு போன் சொல்லுது. இன்னொரு போன் சொல்லல. நீங்களே பாருங்க, பெரிய திரைதானே."

எழிலரசி போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். கிளப்பில் போர்டு முடிந்தால் செய்வதுபோல் அழகேசனிடம் கை நீட்டினார். எண்கள் பூஜ்யத்துக்கு வந்தன. அந்த அடிக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு திரையும் ஒரே செய்தியைக் காட்டின: 'எழிலரசி ஓடிவிட்டார்!' கூடவே ஒரு கோழி திரையின் குறுக்கே ஓடியது. ஹால் விழுந்து விழுந்து சிரித்தது.

அழகேசன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "யாரு, இவளா ஓடனா? டேய், ரெட்டு விழாதத விழலன்னு சொல்லுச்சுடா. உங்க கேமு சொல்லுச்சா?"

ஸ்ரீநாத் மைக்கை வாங்கி, நெட்வொர்க் என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அது இன்னா மாமே, காஸ்ட்லி போனுக்கு மட்டும் ரெட்டு போட்டுக் குடுக்குற நெட்வொர்க்கு?" என்றார். டி-ஷர்ட்டைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்றார் இன்னொருவர். ஸ்ரீநாத் விளக்கினார். விளக்கியதையே மறுபடி விளக்கினார். யூடியூப் ஆள் இதையெல்லாம் சந்தோஷமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எரிச்சலின் உச்சத்தில் ஸ்ரீநாத் வெளியீட்டுப் பட்டனை நோக்கிக் கையைக் கொண்டுபோனபோது சுலோசனா எழுந்து நின்றார்.

"ஸ்ரீ, மணி நாலரை. ராகு காலம் வந்தாச்சு. தொடாதே."

கை அந்தரத்தில் நின்றது. மறுநாள் ஸ்ரீநாத்துக்குச் சந்திராஷ்டமம். அதற்கடுத்து செவ்வாய். புதன் அஷ்டமி. வியாழன் ஆடி பிறந்துவிடும். சுலோசனா காலண்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார், விஷயம் முடிந்தது.

ஐநூறு அடியும் ஒரு நோட்டும் நகர்த்த முடியாத தேதி இப்படி நகர்ந்தது. ஸ்ரீநாத் அன்று மாலையே வீடியோ போட்டார்: 'தரத்தில் சமரசம் செய்வது எங்கள் பழக்கமல்ல. அதனால் ஆவணிக்குத் தள்ளிவைக்கிறோம்.' அதற்கு நாலாயிரம் லைக். கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்த அபிஷேக்குக்கு ஒரு மாதம் கிடைத்தது. பொங்கலில் செய்திருக்க வேண்டிய வேலையை ஆடியில் செய்தார்.

ஆவணி முதல் ஞாயிறு அபிஷேக் மட்டும் கிளப்புக்கு வந்தார். இப்போது சர்வரே கணக்குப் போடுகிறது. எழிலரசியும் அழகேசனும் போன்களை ஒட்டிவைத்து நூறு அடி ஆடிப் பார்த்தார்கள், ஒன்றும் மாறவில்லை. கீழே ஓரமாக ஒரு சின்ன பட்டனும் இருந்தது: 'பவுல், நானே சொல்றேன்.' எழிலரசி தலையசைத்தார். பிறகு அபிஷேக் விளையாட்டில் எழிலரசியின் கணக்குப் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆட்டம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஓட்டம் ஒன்று. பக்கத்தில் ஒரு சின்னக் கோழி.

"இதை எடுத்துடட்டுமாக்கா? ஒரு நிமிஷ வேலை."

"எதுக்கு? ஆட்டத்தை விட்டது நெசம்தானே."

"நீங்க ஓடலையேக்கா. எல்லாரும் இதைப் பாப்பாங்க."

"பாக்கட்டும். ஒயிட்னர் வேணாம். பக்கத்துல காரணம் எழுத ஒரு இடம் குடுங்க, போதும்."

அபிஷேக் அங்கேயே உட்கார்ந்து, இருபது நிமிடத்தில், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் திறந்துகொடுத்தார். எழிலரசி தேதி போட்டு, 'ரெட் விழவில்லை' என்று எழுதி, கீழே தன் பெயரை எழுதினார். நிஜ போர்டின் அந்தப் பக்கத்தில் காத்திருந்த அழகேசனுக்குப் பொறுமை போய்விட்டது. பவுடர் டப்பாவை எழிலரசி பக்கமாகத் தள்ளினார்.

"ஏ கோழி, உக்காரு. உன் அடிதான்."