அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு லைசென்ஸ்

ரொட்டிக் கடையில் பொட்டலம் கட்டுகிறவளுக்கு ஒரே ஓர் ஆசை: கடை வேனை ஓட்ட வேண்டும். பழைய டிரைவர் வேலையை விடப் போகிறார். "லைசென்ஸோட வா, சாவி உனக்குத்தான்" என்று முதலாளியே சொல்லிவிட்டார். இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அவள் குடியிருப்பது அண்ணன் வீட்டு மாடி அறையில். தங்கை ஸ்டீயரிங்கைத் தொட்டாலே அந்த மகானுக்கு மானம் கப்பலேறிவிடும்.

அவனிடம் சொல்லாமல்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். என்ன பிரயோஜனம்? அவள் கிளட்ச்சை மிதிப்பதற்குள் மூக்கில் வியர்த்தது போல வந்து நிற்பான். நடுரோட்டில் கதவைத் திறந்து, "இறங்குடி கீழே!" என்பான். கற்றுக்கொடுப்பவருக்கும் சேர்த்துத் திட்டு. மறுபடியும் அதே கூத்து நடந்ததும் அவர் கையை விரித்துவிட்டார்.

"இன்னொரு தடவை உங்க அண்ணன் வந்து நின்னா, நீ வேற ஸ்கூல் பார்த்துக்கோம்மா."

யார் போட்டுக்கொடுத்தது? இதில் யோசிக்க என்ன இருக்கிறது! விஷயம் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு அத்தை. தெருவே அவளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்திருந்தது. அவள் காதில் விழுந்தது எதுவும் சாயங்காலம்வரை தாங்காது.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டே கிடையாதா அத்தை?" என்று வாசலில் நின்று கத்தினாள்.

ரேடியோ அதிசயமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வகுப்பு ஊருக்கு வெளியே, குடோன்கள் இருக்கும் பக்கம். எங்கே போகிறோம் என்பதை, காரில் ஏறிய பிறகுதான் கற்றுக்கொடுப்பவரிடமே சொன்னாள். அப்படியும் கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் அண்ணனின் பைக் தெரிந்தது! அவளுக்கு வந்ததே கோபம். கியரை மாற்றி, ஒரு லாரியைச் சுற்றி வளைத்து, சந்துக்குள் புகுந்து மறைந்துவிட்டாள்.

"அடேயப்பா, இனிமே உனக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்க?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவள் காதில் அது ஏறவில்லை. இன்றைக்கு அத்தைக்கு எதுவுமே தெரியாது. அப்படியானால் கூடவே வந்தது யார்? எதிரே டாஷ்போர்டு ஸ்டாண்டில் சொகுசாக உட்கார்ந்திருந்தது அவளுடைய போன்.

அண்ணன் வாங்கிக் கொடுத்த போன். "எது கேட்டாலும் அனுமதின்னு அழுத்து, அப்பதான் வேலை செய்யும்" என்றான், அழுத்தினாள். இப்போது செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், அவள் இருக்கும் இடத்தைக் கவனிக்க அங்கே ஒரு கும்பலே இருந்தது. டார்ச் ஆப்கூட!

"வெளிச்சம் காட்டுறவனுக்கு நான் எங்க போனா என்னடா?" என்று அதை உடனே அடைத்தாள். கூடவே போனில் உள்ள நம்பர்களைப் பார்க்க அது வைத்திருந்த அனுமதியையும் பிடுங்கினாள். அடுத்தது அண்ணன் போட்டுக் கொடுத்த குடும்பப் பாதுகாப்பு ஆப். அதற்கு நேரே 'எப்போதும் அனுமதி' என்று இருந்தது. அடைத்தால் அவன் போனில் தெரிந்துவிடும் என்று அதை மட்டும் தொடவில்லை. நேரே அத்தை வீட்டுக்கு ஓடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"என் ஆயுசுலயே நான் வெளிய விடாம வச்சிருந்த ஒரே ரகசியம்டி அது! அதுக்குப் போய் என்னைத் திட்டினியே!" என்று அத்தை அழுதாள். இவளும் அழுதாள். அழுது முடித்ததும் அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "டெஸ்ட் அன்னைக்கு அந்தப் போனை எங்கிட்ட குடு."

டெஸ்ட் நாளன்று போன் அத்தையோடு டவுன் பஸ்ஸில் ஊர் சுற்றியது. அண்ணன் பைக்கில் பின்னாலேயே அலைந்து, கடைசியில் மூச்சு வாங்க பஸ்ஸில் ஏறி, "அவ எங்க?" என்றான்.

"உட்காருப்பா, சொல்றேன்" என்ற ரேடியோ, தன் மூட்டு வலியில் ஆரம்பித்துத் தெருவில் உள்ள எல்லார் கதையையும் சொன்னாள். அவன் கேட்டதைத் தவிர.

தங்கை பாஸ்! அன்று சாயங்காலமே அண்ணன் முன்னால் அந்த ஆப்பைத் திறந்து, 'அனுமதிக்காதே' என்பதை அழுத்தினாள். "நான் எங்க இருக்கேன்னு தெரியணும்னா என்னைக் கேளு. சொல்லணும்னு தோணினா சொல்றேன்." அவன் அசடு வழிய நின்றான்.

வேன் சாவி கைக்கு வந்த முதல் நாள், பக்கத்து சீட்டில் அத்தை. பின்னால் சூடான ரொட்டி வாசனை. போன் அடித்தது, அண்ணன்தான். அத்தை எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?" என்று கேட்டான். பிறந்ததிலிருந்து அவன் இப்படிக் கேட்டதே கிடையாது.

"அவ வண்டி ஓட்டுறாப்பா" என்றாள் ரேடியோ. "எங்கன்னு அவளைக் கேட்காம நான் சொல்ல மாட்டேன்."