சோயா மீற்றும் சந்திரா அக்காவின் நடையும்

இன்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது கடையில் பக்கத்து வீட்டுச் சந்திரா அக்காவைக் கண்டேன். கை நிறையச் சோயா மீற் பைக்கற்றுகள்.

"சோயா கொழுப்பைக் கரைக்குமாம் பிள்ளை, வீடியோவிலை சொன்னவை. இனிப் பின்னேரம் நடக்கத் தேவையில்லை."

அக்காவுக்கு நீரிழிவு; சீனி வருத்தத்துக்குக் கட்டாயம் நடக்கவேண்டும் என்று கிளினிக்கில் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பேசாமல் வர மனம் வரவில்லை.

"அக்கா, நானும் வாசிச்சனான். சோயாவிலை இருக்கிற ஒரு பொருள், உடம்பிலை உள்ள இளம் கலங்கள், அதுதான் செல்கள், கொழுப்புக் கலங்களா முத்திறதைத் தடுக்குதாம். ஆனா அது ஆய்வுகூடத்திலை வளர்த்த கலங்களிலை கண்டது. அந்தப் பொருளின்ரை அளவு குறைஞ்சா எதிர்மாறா, கொழுப்புக் கலங்கள் கூடவும் செய்யுமாம். உடம்பிலை ஏற்கெனவே இருக்கிற கொழுப்பு கரையும் எண்டு அதிலை இல்லை. சரி, நீங்கள் எப்பிடிச் சமைக்கிறனீங்கள்?"

"தேங்காயெண்ணெயிலை பொரிச்சு, கட்டியான தேங்காய் முதற்பாலிலை பிரட்டல். வெள்ளிக்கிழமையிலை இறைச்சிக்கறி மாதிரி இல்லாட்டி இவர் சாப்பிடமாட்டார்."

கடைக்கார அண்ணை சிரித்துவிட்டார். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரியடி, நடக்கிறன். தனியப் போகத்தான் பஞ்சி, அலுப்பாக் கிடக்கு. நீயும் வா."

பிள்ளையாரே என்று பின்னேரம் இருவரும் நடந்துவிட்டு இப்போதுதான் வந்தோம். அக்கா முன்னால் பறந்தார், நான் பின்னால் மூச்சு வாங்கினேன். நாளைக்கும் வரச்சொல்லிக் கட்டளை. வட்டக்கச்சியில் மெதுவாக நடக்கிறவர்கள் யாரும் இருந்தால் எனக்குத் துணைக்கு வாங்கோவன்.